நானூற்றுப் பன்னிரண்டாவது வரி

பால்கனிக்கும் மேலே, விளக்குக்காரன் அறையை ஒட்டி
எனக்கொரு கண்ணாடிச் சன்னல், ஒரு பொத்தான்.
இத்தாலிய மொழியில் அவர்கள் அழுவதை
இங்கிலீஷில் திரைக்கு ஏற்றுவது என் வேலை.
கோகிலாம்பாள் என்று பெயர். குயிலின் பேர்.
பாட்டு சுத்தமாக வராது.

ஒரு நொடி முந்தினால்
பாடகர் வாய் திறக்குமுன் அரங்கம் சிரித்துவிடும்;
கீழேயிருந்து என் சன்னலை முறைப்பார்.
ஒரு நொடி பிந்தினால்
செத்தவள் மன்னிப்புக் கேட்பாள்.
ஒரே வரியை எட்டு முறை பாடுவார்கள்.
நான் ஒருமுறைதான் போடுவேன்.
மீதி ஏழுக்கும் இருட்டு.
அந்த ஏழில் என்ன நடக்கிறதென்று
பத்தொன்பது வருடம் நான் பார்த்ததில்லை;
விரல் அடுத்த வரிமேல் இருக்கும்.

டர்பனில் பிப்ரவரி.
கடலின் ஈரம் சுவரேறி உள்ளே வந்து
செல்லோவின் நரம்பைத் தளர்த்துகிறது.
இடைவேளை முழுக்க அந்தப் பெண்
முறுக்குகிறாள், கேட்கிறாள், திட்டுகிறாள், முறுக்குகிறாள்.
நான் மேசைக்கடியில் ஒரு சமோசா தின்கிறேன்,
தின்னக் கூடாது என்ற பலகையைப் பார்த்தபடி.

கடைசி அங்கம். நாயகிக்குக் காய்ச்சல்.
காதலன் வழக்கம்போல் தாமதம்.
நாயகி ஹ்லெங்கிவே செலே, உம்லாசிக்காரி,
தேவாலயக் குழுவில் தோ ரே மீ எழுத்துகளை
நாற்பது பக்க நோட்டில் எழுதிப் பாடியவள்.
ஐந்து கோட்டில் தொங்கும் குறிகள்
அவளுக்கு இரண்டாவது எழுத்து.
இத்தாலிய மொழி நான்காவது வாய்.

அட்டவணை சொன்னபடி எட்டரைக்கு மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் மேடையைக் காப்பாற்றியது,
வாத்தியக் குழியின் குட்டி விளக்குகளையும்.
என் திரை மட்டும் பழைய ஒயரில்.
காதுக்கருவியில் மார்லீன்: "கோகி, திரை?"
"செத்துப்போச்சு."
"நாயகி?"
"இன்னும் இல்லை."

நானூற்றுப் பன்னிரண்டு:
நேரம் கடந்தது, ஒளி போகிறது.
கட்டிலில் மல்லாந்து கிடப்பவள் முகத்தில்
என் எழுத்தின் வெளிச்சம் விழவேண்டிய இடம் அது.
விழவில்லை.
மேலே பார்த்தாள். கறுப்புப் பலகை.
மூச்சை வாங்கினாள்,
அதே சுரம், அதே நீளம்,
வந்தது ஜூலு.

மேல்மாடியில் யாரோ "ஹாவு!" என்றார்கள்.
கொஞ்சம் சிரிப்பு. பிறகு சிரிப்பு
பாதியில் அறுந்தது, இருமல்கூட இல்லை.
ப்ளூம்ஃபொன்டைன் டெனர் அவள் கையைப் பிடித்தபடி
ஒன்றும் புரியாத முகத்தோடு
மிகச் சரியாக அழுதார்.

எனக்கும் புரியவில்லை.
பிறந்த ஊர் இது. என் ஜூலு கடைவாசல் வரைதான்:
எவ்வளவு, கொஞ்சம் பொறு, நன்றி.
எல்லாருக்கும் சொல் பரிமாறுகிறவள்
இலையில்லாமல் பந்தியில் உட்கார்ந்தேன்.
புத்தகத்தில் பென்சில் குறியைத் தேடினேன், இல்லை.
பிறகுதான் நிமிர்ந்து
அவள் வாயைப் பார்த்தேன்.

படிக்கட்டில் பெகி நிகழ்ச்சித்தாள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.
"என்ன பாடினா?"
சட்டைக்கையால் மூக்கைத் துடைத்துச் சிரித்தான்.
"கடைசி டாக்ஸி போயிருச்சு, கண்ணு.
இனி நான் நடந்துதான் வீட்டுக்குப் போகணும்."

மறுநாள் மின்சாரம் இருந்தது.
ஹ்லெங்கிவே இத்தாலிய மொழியில் பாடினாள்,
அச்சுப் பிசகாமல்; மேலே பார்க்கவேயில்லை.
நானூற்றுப் பன்னிரண்டை அழுத்தினேன்.
ஒளி போகிறது என்று
எண்ணூறு பேர் படித்தார்கள்.

அவள் அந்த வரியை இரண்டாம் முறை எடுக்கும்போது
வழக்கப்படி திரையை இருட்டாக்கி
விரலை மடிக்கு எடுத்துக்கொள்கிறேன்.
பஸ் நிலையம், மூடிய கடைகள்,
செருப்பைக் கையில் பிடித்து ஒருத்தி நடக்கிறாள்.

மூன்று இரவாகச்
செத்த பிறகுதான் மன்னிப்புக் கேட்கிறாள்.
மார்லீன் நேரத்தைக் குறித்துவைத்திருக்கிறாள்.